கேஸ் அடுப்பின் திருகு ஏன் சுடுகிறது?

(ரமலானை முன்னிட்டு நமது அறக்கட்டளை நடத்திய மகளிர் கூட்டத்தில், கோவில்பட்டியில் நெடுங்காலமாகக் கேஸ் அடுப்பு பழுது பார்த்து வரும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





ரமலானுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. ரமலான் தொடங்கி இரண்டாவது வாரத்தில் என் கடைக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் ஒரே புகாராக இருக்கும். "அடுப்பு ரொம்பச் சூடாகுது, திருகைத் தொட முடியலை, புதுத் திருகு போட்டுக் குடுங்க." சிலர் உருகிப்போன பழைய திருகைக் கையிலேயே கொண்டு வருவார்கள். புதுத் திருகு சில பத்து ரூபாய்தான். போட்டுக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் வியாபாரம். ஆனால் பெருநாளுக்குள் அந்தப் புதுத் திருகும் உருகிவிடும். இன்னும் சில வீடுகளில் திருகை மாற்றக்கூட மாட்டார்கள். கரித்துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகிக்கொண்டே மாதக்கணக்கில் சமைப்பார்கள். அந்த வீடுகளை நினைத்துத்தான் இன்று பேச வந்தேன்.

திருகு சுடுவது ஒரு நோயல்ல. காய்ச்சல் மாதிரி, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று சொல்கிற அடையாளம். நெருப்பு மேலே போகவேண்டிய பொருள். அது மேலே போக வழியில்லாமல் கீழே திரும்பும்போதோ, மேலே எரியவேண்டியது உள்ளேயே எரியும்போதோதான் அடுப்பின் உடம்பு சுடுகிறது. திருகுக்குப் பின்னால் வால்வு இருக்கிறது. வால்வுக்கு ஒரு சாணுக்குள் ரப்பர் டியூப் வந்து சேருகிறது. திருகு உங்கள் கையைச் சுடுகிறது என்றால், அதே சூட்டை அந்த ரப்பர் ஒவ்வொரு நாளும் வாங்கிக்கொண்டிருக்கிறது. கை சுட்டால் எடுத்துவிடுவீர்கள். டியூப் எங்கே போகும்?

அடுப்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. நம் ஊர் வெயிலில் அதன் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோவையும் தாண்டும். ரெகுலேட்டர் அதை வெறும் 30 கிராம் அளவுக்குக் குறைத்து டியூபுக்குள் அனுப்புகிறது. திருகைத் திறந்தால் கேஸ் ஜெட் என்கிற பித்தளைத் துண்டுக்கு வருகிறது. அதில் ஊசி முனை மாதிரி ஒரு துளை. அந்தத் துளையிலிருந்து கேஸ் வேகமாகப் பாயும்போது பக்கத்துத் திறப்பு வழியாகக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. இரண்டும் கலந்து பர்னர் துளைகளில் வந்து எரிகிறது. ஒரு பங்கு கேஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். அடுப்பின் ஆரோக்கியம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கணக்கு சரியாக இருந்தால் தீ நீலமாக, சத்தமில்லாமல், பாத்திரத்தின் அடியோடு நிற்கும். கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் நம்மிடையே உண்டு. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அல்லவா நம்முடையது! பாகுக்காரர் தீயைப் பார்க்கக்கூட மாட்டார், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்தக் காது வீட்டுச் சமையலறையிலும் வேண்டும்.

இப்போது காரணங்களுக்கு வருகிறேன். முதல் காரணம், ரமலான் காரணம், பாத்திரம்.

வீட்டு அடுப்பு நாலைந்து பேருக்குச் சமைக்கச் செய்தது. நோன்புக் கஞ்சிக்கு, அண்டை வீட்டாருக்கும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும் என்று பெரிய தேக்சாவை எடுக்கிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தேக்சா இரண்டு பர்னரையும் மூடிக்கொண்டு, விளிம்பு திருகுக்கு மேலே வந்து நிற்கிறது. தீ பாத்திரத்தின் அடியில் பரவி, ஓரமாக மேலே போகவேண்டும். ஓரம் வெகு தூரத்தில் இருப்பதால் அந்தச் சூடு பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் அடைபட்டு, முன்பக்கமாகத் திருகு மேல் இறங்குகிறது. பாத்திரம் ஆடாமல் இருக்கட்டும் என்று பர்னரைச் சுற்றியுள்ள கம்பி ஸ்டாண்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சமைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் தீ மூச்சு விடவே இடமில்லை. தீ மஞ்சளாகி, கரி பிடித்து, கண் எரியும்.

அடுத்தது பிரியாணிக்குத் தம் போடுவது. விறகு அடுப்புக் காலத்தில் மூடி மேல் கங்கு அள்ளிப் போட்டோம். இப்போது அடி பிடிக்காமல் இருக்க, பர்னர் மேல் இரும்புத் தோசைக்கல்லை வைத்து, அதற்கு மேல் தேக்சாவை வைக்கிறோம். அரை மணி, முக்கால் மணி. அந்தக் கல் ஒரு கூரை மாதிரி. அதில் பட்ட சூடு பாதி மேலே, பாதி கீழே. கண்ணாடி அடுப்பு வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். கண்ணாடி மேல்தட்டு திடீரென்று வெடித்துச் சில்லுச் சில்லாகச் சிதறியது என்று வந்த வீடுகளில் நான் கேட்கிற முதல் கேள்வி, "கல் வைத்துத் தம் போட்டீர்களா?" என்பதுதான். அநேகமாக "ஆமாம்" என்றுதான் பதில் வரும். சூடேறி நிற்கிற கண்ணாடியில் கஞ்சி பொங்கி வழிந்தாலோ, ஈரத்துணியால் துடைத்தாலோ மிச்ச வேலையும் முடிந்துவிடும்.

தம்மே போடக்கூடாது என்று சொன்னால் என்னை ஊரை விட்டே அனுப்பிவிடுவீர்கள். வழி இருக்கிறது. சின்ன பர்னரில், ஸ்டாண்ட் மேல், அந்த ஸ்டாண்டைவிடப் பெரிதாக இல்லாத கல்லை வையுங்கள். தீயைச் சிம்மில் வைத்துப் பத்து நிமிஷம் போதும். பிறகு அடுப்பை அணைத்து, தேக்சாவை அப்படியே இறக்கி, மடித்த சாக்கு மேல் வைத்துக் கனமான துணியால் மூடி வையுங்கள். அடி கனமான பாத்திரமாக இருந்தால் அதன் சூட்டிலேயே சோறு தம்மாகிவிடும். இரண்டு கிலோ அரிசிக்கு மேல் என்றால் வீட்டு அடுப்பில் வேண்டாம். முற்றத்தில் விறகு அடுப்பு வையுங்கள், அல்லது சமையல்காரரிடம் உள்ள தரை அடுப்பைக் கேளுங்கள்.

தரை அடுப்பு என்றதும் ஒரு எச்சரிக்கை. விருந்து அடுப்புகளுக்கு ஹை பிரஷர் ரெகுலேட்டர் என்று ஒன்று உண்டு. திருகித் திருகி அழுத்தத்தைக் கூட்டலாம். விருந்து முடிந்ததும் அதைக் கழற்றாமல் வீட்டு அடுப்பு டியூபையே அதில் சொருகிவிடுகிறார்கள். வீட்டு அடுப்பு 30 கிராமுக்குச் செய்தது. அதற்குப் பல மடங்கு அழுத்தத்தைக் கொடுத்தால் தீ ஒரு முழம் எழும்பும், டியூப் பிய்த்துக்கொண்டு போகும். இதை விளையாட்டுக்குக்கூடச் செய்யாதீர்கள். வீட்டுக்குத் தரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைத் தொழிலுக்கு வைப்பது சட்டப்படியும் தவறு. வீட்டிலேயே பலகாரம், மிட்டாய் போட்டு விற்கும் சகோதரிகள் 19 கிலோ வணிக இணைப்பு வாங்கிக்கொள்வதுதான் முறை. விலை கூட என்று எனக்கும் தெரியும்.

சரி, பாத்திரம் சின்னதாகத்தான் இருக்கிறது, அப்படியும் திருகு சுடுகிறது. அப்போது காதைக் கொடுங்கள். பர்னருக்கு அடியிலிருந்து "உஸ்ஸ்" என்று ஊதுகிற மாதிரி சத்தம் வருகிறதா? பர்னர் மேலே தீ சின்னதாக, அல்லது இல்லாமலே இருக்கிறதா? அப்படியானால் தீ உள்ளே இறங்கிவிட்டது. குழாய்க்குள், ஜெட்டின் வாயிலேயே எரிகிறது. ஜெட் வால்வில்தான் மாட்டியிருக்கிறது, வால்வில்தான் திருகு இருக்கிறது. சில நிமிஷத்தில் திருகு தொட முடியாதபடி ஆகிவிடும். இதுதான் எல்லாவற்றிலும் மோசம். உடனே திருகையும் ரெகுலேட்டரையும் அணைத்து, முழுதாக ஆறும்வரை விடுங்கள். ஆறாமல் மறுபடி பற்றவைத்தால் மறுபடியும் உள்ளேயே பிடிக்கும்.

தீ ஏன் உள்ளே இறங்குகிறது? பர்னர் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது கழுவும்போது பெரிய பர்னர் மூடியும் சின்ன பர்னர் மூடியும் மாறிவிட்டது. பெரும்பாலும் இவ்வளவுதான், காசு செலவில்லாத வேலை. மூடியை எடுத்துத் திருப்பி, ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். மூடியே தேய்ந்து வளைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இன்னொரு காரணம், ஜெட்டில் அழுக்கு அடைத்துக் கேஸ் வேகம் குறைந்திருப்பது.

மூன்றாவது காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள், கரப்பான் பூச்சி. குழாயின் காற்றுத் திறப்பு வழியாக உள்ளே போய்க் குடித்தனம் பண்ணும். சிலந்தி வலை பின்னும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் குளவி மண்ணை உருட்டி வந்து கூடே கட்டியிருக்கும். நம் கரிசல் மண் குளவிக்கு நல்ல சிமென்ட். குழாய் அடைத்தால் கேஸ் மேலே போக முடியாமல், காற்று நுழைகிற திறப்பு வழியாகவே வெளியே வந்து, அடுப்புக்கு அடியில் தீப்பிடிக்கும். பர்னரைத் தூக்கிவிட்டு, காய்ந்த பாட்டில் பிரஷை விட்டுக் குழாயை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இதற்கு மெக்கானிக் வேண்டாம். ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும், அடுப்பு ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெட் விஷயம் அப்படியில்லை. தீ சரியாக வரவில்லை என்று பாவாடை ஊசி, தையல் ஊசியை விட்டுக் குத்துகிறார்கள். பித்தளை இளகிய உலோகம். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கேஸ் கூடுதலாக வரும். காற்று அதற்கு ஈடுகொடுக்காது. தீ மஞ்சளாக நீண்டு பாத்திரத்தின் பக்கவாட்டில் நக்கும், அடி கரியாகும், அடுப்பு கொதிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தீரும். "இந்தத் தடவை கேஸ் நாள் வரலை, எடை குறைச்சல்" என்று விநியோகிக்கிற பையனைத் திட்டிக்கொண்டிருப்போம். ஊசி பட்ட ஜெட்டைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மும்பையிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்கள் நம்மில் பலர். வரும்போது அங்கே பயன்படுத்திய அடுப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். அங்கே பல வீடுகளில் பைப் வழியாக இயற்கை எரிவாயு வருகிறது. அந்த அடுப்பின் ஜெட் துளை, சிலிண்டர் கேஸ் அடுப்பைவிடப் பெரியது. அதை அப்படியே நம் சிலிண்டரில் மாட்டினால் தீ தாறுமாறாக எரியும். அடுப்பில் குற்றமில்லை. நாலு ஜெட்டை மாற்றினால் நல்ல அடுப்பு.

காற்றையும் சொல்லவேண்டும். ஆனி ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற காற்று நமக்குப் புதிதல்ல. கயத்தாறில் காற்றாலை சுற்றுவதும் அந்தக் காற்றில்தான். மேற்கு ஜன்னல் பக்கம் அடுப்பு இருந்தால் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து திருகையோ டியூபையோ தொடும். சிம்மில் இருந்தால் அணைந்தே போகும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதற்காக எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டுச் சமைப்பதும் ஆபத்து. அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் காற்று குறைந்து, மணமும் நிறமும் இல்லாத விஷவாயு உண்டாகும். தலைவலி, மயக்கம் வரும். நோன்பு நேரத்தில் பசி மயக்கம் என்று நினைத்து ஏமாந்துவிடலாம். அடுப்பை ஜன்னலுக்கு நேரே இல்லாமல் தள்ளி வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

என் சகோதரி மகன் கனடாவில் இருக்கிறான். அங்கே குளிருக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் கேஸ் உலை வைத்து, சூடான காற்றைக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் அனுப்புகிறார்கள். போன குளிர்காலத்தில் போன் பண்ணி, "மாமா, உலை பத்து நிமிஷம் எரியுது, அணைஞ்சிடுது, மறுபடி எரியுது" என்றான். அந்த உலையில் சூடு அளவு மீறினால் தானாகவே கேஸை நிறுத்துகிற ஒரு சுவிட்ச் உண்டு. அது தன் வேலையைச் செய்திருக்கிறது. "காற்று போகிற பில்டரைக் கழற்றிப் பாரு" என்றேன். தூசி அடைத்துத் துணி மெத்தை மாதிரி இருந்ததாம். மாற்றினான், சரியாகிவிட்டது. நாடு வேறு, இயந்திரம் வேறு, ஆனால் கோளாறு நம் தேக்சா கோளாறுதான். சூடு போக வழியில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அவனுடைய உலைக்குத் தானாக நிறுத்துகிற சுவிட்ச் இருக்கிறது. நம் சமையலறையில் அந்த சுவிட்ச் நீங்கள்தான்.

திருகு சூடு எவ்வளவு இருக்கலாம் என்று கேட்பீர்கள். பற்றவைத்துக் கால் மணி நேரம் கழித்து, துணி இல்லாமல் வெறும் விரலால் திருகைப் பிடியுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றே காரணத்தைத் தேடுங்கள். திருகு இறுகிப்போய் முறுக்க வேண்டியிருக்கிறது என்றாலும் சொல்லுங்கள். உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது, அடுத்து அங்கிருந்து கேஸ் கசியும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். இரண்டு நாளைக்கு இளகும், பிறகு பிசினாகி ஒட்டிக்கொள்ளும்.

டியூபைப் பற்றிக் கடைசியாகச் சொன்னாலும் அதுதான் உயிர் விஷயம். சூடான அடுப்பின் முதல் பலி டியூப், அதுவும் அடுப்போடு சேருகிற முனை. அந்த இடத்தை இரண்டு விரலால் லேசாக மடக்கிப் பாருங்கள். நுண்ணிய கீறல்கள் தெரிந்தால், அல்லது ரப்பர் விறைத்திருந்தால், மாற்றிவிடுங்கள். உள்ளே கம்பி வலை உள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரித்த தேதியும் அச்சிட்டிருக்கும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். கீறல் விழுந்துவிட்டால் ஐந்து நாளானாலும் மாற்றவேண்டும். அடுப்புக்கு அடியில் டியூபை ஓடவிடாதீர்கள். அழகுக்காகத் துணி உறை தைத்துப் போடாதீர்கள், கீறல் கண்ணுக்குத் தெரியாது. டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். சிலிண்டர் நிமிர்ந்து தரையில், அடுப்பு அதைவிட உயரத்தில் மேடையில்.

கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர் போதும். இணைப்பில் தடவினால் குமிழி வரும். நாம் தீப்பெட்டி ஊர்க்காரர்கள், எதற்கெடுத்தாலும் கை தீப்பெட்டிக்குத்தான் போகும். குச்சியைக் கிழித்துக் கசிவு பார்க்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையில் தேங்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். வாடை வந்தால் லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சில் வருகிற பொறியே போதும். சமையலறையில் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் யோசியுங்கள். அது தானாகவே ஓடத் தொடங்கும், நீங்கள் தொடவேண்டியதில்லை. இயன்றால் அதை வேறு அறைக்கு மாற்றுங்கள். ரெகுலேட்டரை மூடி, கழற்றி, சிலிண்டரில் கயிறு கட்டித் தொங்குகிற அந்த வெள்ளை மூடியை அழுத்திப் போடுங்கள். அந்த மூடியைப் பிள்ளைகள் விளையாட எடுத்துப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து, வெளியிலிருந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இரவு பகலாக இயங்கும் எண். தீப்பிடித்துவிட்டால் 101 அல்லது 112.

தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, தோசை மாவு எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கிற வேதனை காயத்தைவிட அதிகம். துப்பட்டாவும் தொங்கும் முந்தானையும் நைலானாக இருந்தால் சமைக்கும்போது பருத்தி உடுத்துங்கள்.

ஸஹர் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரைத் தூக்கத்தில் எழுந்து பாலைச் சுடவைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பாங்கு சொன்னதும் தொழுகைக்குப் போய், தொழுதுவிட்டு மறுபடி படுத்துவிடுகிறோம். திருகு சரியாக மூடாமல் போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். இரவில் தூங்கப் போகும் முன் வீட்டில் நெருப்பை அணைத்துவிடச் சொன்ன நபிமொழியை நாம் சிறு வயதிலேயே மதரஸாவில் படித்திருக்கிறோம். அன்றைக்கு அது விளக்கும் அடுப்பும், இன்றைக்கு ரெகுலேட்டர். சமைத்து முடிந்ததும் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். டியூபில் மிச்சமுள்ள கேஸ் எரிந்து தீ தானாக அணையும். பிறகு திருகை மூடுங்கள். இந்த வரிசையில் செய்தால் தூக்கக் கலக்கத்திலும் தவறாது, டியூபிலும் கேஸ் தங்காது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள் என்று நிர்வாகிகள் சொல்கிறார்கள்.

ஒரு சகோதரி, உப்புத் தண்ணீரில் பர்னர் வெள்ளை பூத்துப் போகிறது, எதைப் போட்டுக் கழுவுவது என்று கேட்கிறார். பித்தளை பர்னர்தானே? சுடுதண்ணீரில் புளி கரைத்து ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேயுங்கள். முக்கியமான விஷயம், முழுதாகக் காய்ந்த பிறகுதான் மாட்டவேண்டும். ஈரத்தோடு மாட்டினால் துளையில் தண்ணீர் நின்று தீ துப்பும். வெயிலில் வையுங்கள், நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

கண்ணாடி அடுப்பா, ஸ்டீல் அடுப்பா என்று இன்னொருவர் கேட்கிறார். பெரிய பாத்திரம் வைக்கிற வீடு என்றால் ஸ்டீல் என்பேன். கண்ணாடி பார்வைக்கு நன்றாக இருக்கும். எதுவானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். பர்னரைத் தட்டிப் பார்த்துக் கனமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கிறது என்று ஒருவர் சொல்கிறார். கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளில் இது சகஜம். மழைக்கு மண் உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், மேடைக் கல் லேசாக இறங்கிவிடும். சாய்ந்த அடுப்பில் பொங்கி வழிவதெல்லாம் ஒரே பர்னருக்குள் போய் அடைக்கும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மேடையில் வைத்து மட்டம் பாருங்கள். தாழ்ந்த பக்கத்துக் காலுக்கு ரப்பர் புஷ் போட்டுச் சமப்படுத்தலாம். ஓட்டுத் துண்டையோ மரக்கட்டையையோ முட்டுக் கொடுக்காதீர்கள், நழுவிவிடும்.

கடைசியாக அந்தப் பெரியம்மா கேட்டது. 2007-ல் அரசு இலவச கேஸ் அடுப்புத் திட்டம் கொண்டுவந்தபோது கிடைத்த அடுப்பாம், இன்னும் அதில்தான் சமைக்கிறார். தனியாக இருக்கிறார். திருகு சுடுகிறது, துணி போட்டுத்தான் பிடிக்கிறார். தூக்கிப் போடவேண்டுமா என்று கேட்கிறார். பெரியம்மா, பழசு என்பதற்காகத் தூக்கிப் போடவேண்டாம். அடுப்பைக் கவிழ்த்து, அடியில் ஓடுகிற இரும்புக் குழாயைப் பார்க்கவேண்டும். அது துருப்பிடித்துப் பொரிந்திருந்தால் அந்த அடுப்பின் ஆயுள் முடிந்தது, எவ்வளவு செலவு செய்தாலும் நிற்காது. குழாய் நன்றாக இருந்தால் ஜெட், பர்னர் மூடி, டியூப் மாற்றி இன்னும் சில வருஷம் ஓட்டலாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ரெகுலேட்டரை மூடிவையுங்கள், சிலிண்டரை நீங்கள் தூக்கவேண்டாம். நாளை லுஹருக்குப் பிறகு நானே வந்து பார்க்கிறேன். அதுவரை பக்கத்து வீட்டில் சமைத்துக்கொள்ளுங்கள். டியூப் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொள்வதாகத் தலைவர் இப்போது கையைக் காட்டுகிறார். இதுபோல் துணி சுற்றித் திருகு பிடிக்கிற வீடு உங்கள் தெருவில் இருந்தால், வெளியே மேஜையில் உள்ள நோட்டில் தெருப் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் எழுதிவிட்டுப் போங்கள்.